யோசித்து யோசித்து நோகும் மனம்: ஹராரே நகரின் பெஞ்சு மருத்துவம்

ஜிம்பாப்வே மக்களில் பெரும்பான்மையோர் பேசும் ஷோனா மொழியில் ‘குஃபுங்கா’ என்றால் யோசிப்பது. அதன் வாலில் ‘இசிசா’ என்ற ஒட்டைச் சேர்த்தால் ‘குஃபுங்கிசிசா’ என்றாகும். ஒரு செயல் அளவு கடந்துவிட்டதைக் காட்டும் ஒட்டு அது. ஒன்றையே திரும்பத் திரும்ப நினைப்பது, நினைப்பை நிறுத்த முடியாமல் தவிப்பது, அந்தத் தவிப்பே உடம்பை வாட்டுவது எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கம். தமிழில் இதற்குத் தனி ஒட்டு கிடையாது. நாம் வினையை இரட்டித்துக்கொள்கிறோம். ‘யோசிச்சு யோசிச்சே உடம்பக் கெடுத்துக்கிட்டா’ என்று நம் வீடுகளில் சொல்கிறார்களே, ஏறக்குறைய அதுதான் குஃபுங்கிசிசா.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, பின்னிணைப்பாகத் தந்த சொற்பட்டியலில் இந்த ஷோனா சொல்லும் இருக்கிறது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் காரணமாக மக்கள் சொல்வது அது. அந்தத் துயரத்தைத் தெரிவிக்க அவர்கள் பயன்படுத்துவதும் அதுவே. ‘அதிகம் யோசிப்பது’ என்ற இந்தப் பேச்சு ஷோனாக்களுக்கு மட்டும் உரியதன்று. உலகின் பல பகுதிகளில் மக்கள் தம் மனத்துயரை இப்படியே சொல்வதை, 138 ஆய்வு வெளியீடுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் காட்டியது.

பதற்றக் கோளாறுகள் உலகில் மிகப் பரவலான மனநலக் கோளாறுகள். 2019இல் ஏறத்தாழ 30 கோடிப் பேருக்கு அவை இருந்தன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் ஏதாவதொரு சிகிச்சை பெறுபவர் நான்கில் ஒருவர்தான். பயனுள்ள சிகிச்சைகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. அவை நோயாளியிடம் போய்ச் சேர்வதில்லை. மருத்துவர் இல்லை, பேருந்துக்குக் காசில்லை, தனக்கு இருப்பது நோய் என்றே தோன்றவில்லை, தோன்றினாலும் ‘மனநோய்’ என்ற பெயரைச் சுமக்க மனமில்லை. இந்த நான்கு தடைகளையும் ஒரே இடத்தில், ஒரு மரப்பெஞ்சில், எதிர்கொண்ட ஜிம்பாப்வேயின் ஹராரே நகர முயற்சியை, அதன் வெற்றியோடும் வரம்புகளோடும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சிகிச்சையைப் பண்பாட்டுக்கு ஏற்ப அமைப்பதென்றால் எதையெல்லாம் மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்ற கேள்வி அதன் அடியில் ஓடுகிறது.

சொல்லிலிருந்து கேள்வித்தாள்

கதை பெஞ்சுக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்குகிறது. 1990களில் ஹராரேயின் க்ளென் நோரா குடியிருப்பில் மெலனி ஆபஸ், ஜெரமி பிராட்ஹெட் ஆகிய மனநல ஆய்வாளர்கள், தற்செயலாகத் தெரிவுசெய்யப்பட்ட 172 பெண்களிடம் விரிவாகப் பேசினர். அவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு முந்தைய ஓராண்டில் மனச்சோர்வோ பதற்றக் கோளாறோ இருந்தது தெரியவந்தது. ‘ஆப்பிரிக்காவில் மனச்சோர்வு அரிது, அது மேலைநாட்டுச் சொகுசு நோய்’ என்ற பழைய நம்பிக்கையில் விழுந்த அடிகளில் இதுவும் ஒன்று.

அதே காலத்தில் ஹராரேயில் பணியாற்றிய இந்திய மனநல மருத்துவர் விக்ரம் படேலும் ஜிம்பாப்வே ஆய்வாளர்களும் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். இத்தகைய ஆய்வுகளின் வழக்கமான வழி, மேலைநாட்டுக் கேள்வித்தாளை எடுத்து உள்ளூர் மொழியில் பெயர்ப்பது. அந்த வழியில், நோயாளியின் அனுபவம் கேள்வித்தாளின் சட்டகத்துக்குள் அடங்கும் அளவுக்குத்தான் பதிவாகும். இவர்கள் தலைகீழாகத் தொடங்கினார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களும் பாரம்பரிய வைத்தியர்களை நாடியவர்களும் தம் துயரத்தை எந்தச் சொற்களால் சொல்கிறார்கள் என்று திரட்டினார்கள். அவற்றிலிருந்து, துயரத்தில் இருப்பவரையும் இல்லாதவரையும் நன்றாகப் பிரித்துக் காட்டும் சொற்களை மட்டும் சலித்து எடுத்தார்கள்.

அப்படி உருவானதே 1997இல் வெளியான ஷோனா அறிகுறிக் கேள்வித்தாள். மொத்தம் 14 கேள்விகள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் சொன்னால் போதும். கடந்த ஒரு வாரத்தில் தூக்கம் கெட்டதா, வயிறு வலித்ததா, சின்ன விஷயத்துக்கெல்லாம் பயம் வந்ததா, அழவேண்டும் போலிருந்ததா, வேலை பின்தங்கியதா என்று அது கேட்கும். உயிரை விட்டுவிடத் தோன்றியதா என்றும் கேட்கும். முதல் கேள்வியே குஃபுங்கிசிசாவைப் பற்றியதுதான்.

இது வெறும் மரியாதைக் குறிப்பன்று. மருத்துவப் பயன் உள்ளது. ‘உங்களுக்குப் பதற்றக் கோளாறு இருக்கிறதா’ என்று கேட்டால் கிடைக்காத பதில், ‘அதிகம் யோசிக்கிறீர்களா’ என்றால் கிடைத்துவிடுகிறது. அதோடு நின்றிருந்தால் அது நாட்டார் வழக்காற்றியல் சேகரிப்பாக மட்டும் இருந்திருக்கும். இந்தக் கேள்வித்தாளின் மதிப்பெண், பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் முறையான நேர்காணலோடு பிற்காலத்தில் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. உள்ளூர்ச் சொல்லை மதிப்பது ஒரு பாதி. அந்தச் சொல் எதை எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது என்று அளந்து பார்ப்பது மறுபாதி.

ம்பாரேயில் கிடைத்த இடம்

2005இல் ஜிம்பாப்வே அரசு ‘முரம்பட்ஸ்வினா’ என்ற பெயரில் நகர்ப்புறக் குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தள்ளியது. அந்தச் சொல்லுக்குக் குப்பையை அகற்றுதல் என்று பொருள். வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் என்று ஐ.நா. தூதரின் அறிக்கை கணக்கிட்டது. ஹராரேயின் பழைய, நெருக்கடியான குடியிருப்பான ம்பாரேயும் அந்த அடியைத் தாங்கியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் அப்போது இருந்த மனநல மருத்துவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் 15 டாலர் தேவைப்பட்டது. குடும்பத்திடம் அது இல்லை. மருத்துவமனையில் உட்கார்ந்தபடி நோயாளி வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை என்று தமக்கு உறைத்தது அப்போதுதான் என்று சிபாண்டாவே பிற்பாடு பொதுமேடைகளில் சொல்லியிருக்கிறார்.

ம்பாரேயில் வேலை தொடங்கக் கேட்டபோது அவருக்குத் தர அங்கிருந்த சுகாதார நிலையத்தில் அறை இல்லை, செவிலியர்களுக்கோ எச்.ஐ.வி., காசநோய், பிரசவம் என்று கைநிறைய வேலை. கிடைத்தவர்கள் 14 பாட்டிமார். ஹராரே நகர சுகாதாரத் துறை 1980களிலிருந்தே வேலைக்கு வைத்திருந்த சமூக சுகாதாரப் பணியாளர்கள் அவர்கள். வீடு வீடாகப் போவது, தடுப்பூசிக்கு அழைப்பது, மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்வது அவர்கள் பணி. ஊரார் அவர்களை ‘அம்புயா உட்டானோ’ என்பார்கள். சுகாதாரப் பாட்டி என்று பொருள். பள்ளிப்படிப்பு அதிகமில்லை. ஆனால் அந்தத் தெருக்களில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஊருக்கும் அவர்களைத் தெரியும்.

அறை இல்லாததால் நிலைய வளாகத்தில் வெளியே ஒரு மரப்பெஞ்சு போடப்பட்டது. 2006இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டுக்கு முதலில் ‘மனநல பெஞ்சு’ என்றே பெயர். உட்கார ஆள் வரவில்லை. அந்தப் பெயர் கொண்ட பெஞ்சில் ஊர் பார்க்க உட்காருவது, தன்னைப் பைத்தியம் என்று தானே அறிவித்துக்கொள்வதற்குச் சமம். பெயரை மாற்றச் சொன்னவர்கள் பாட்டிமார்கள். ‘சிகாரோ சேகுபனமசானோ’ என்று ஆனது. ஆங்கிலத்தில் ‘ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச்’ என்று உலகமெல்லாம் அறியப்படுகிறது. ஆனால் ஷோனாப் பெயரில் நட்பு என்ற சொல் இல்லை. ‘குபா’ என்றால் கொடுத்தல். ‘மசானோ’ என்றால் யோசனைகள், ஆலோசனைகள். இடையில் வரும் ‘அன’ என்ற ஒட்டு, செயல் ஒருவருக்கொருவர் நடப்பதைக் காட்டும். ஆக, அது ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்ளும் இருக்கை. இந்தப் பக்கம் மருத்துவர், அந்தப் பக்கம் நோயாளி என்ற பிரிவினை அந்தப் பெயரிலேயே இல்லை.

பெஞ்சில் நடப்பது

வேறு ஏதோ நோவுக்காக நிலையத்துக்கு வருபவரிடம் 14 கேள்விகளும் கேட்கப்படுகின்றன. ஒன்பதோ அதற்கு மேலோ ‘ஆம்’ வந்தால் அவர் பெஞ்சுக்கு அனுப்பப்படுகிறார். உயிருக்கு ஆபத்தான எண்ணம் தீவிரமாக இருந்தாலோ, கடுமையான மனநோய் தெரிந்தாலோ மேற்பார்வையாளருக்கும் அங்கிருந்து மருத்துவருக்கும் போகும் வழி தனியே உண்டு. மற்றவர்களுக்கு ஆறு சந்திப்புகள். முதல் சந்திப்பு ஒரு மணி நேரம் வரை நீளும். அடுத்தடுத்தவை அதைவிடக் குறைவு.

முதல் சந்திப்புக்கு மூன்று படிகள். முதற்படி ‘குவுரா ஃபுங்வா’, மனத்தைத் திறத்தல். யோசிப்பதைக் குறிக்கும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்தான் ஃபுங்வா. வந்தவர் தன் பிரச்சினைகளையெல்லாம் கொட்டுகிறார். அவற்றிலிருந்து ஒன்றைப் பொறுக்குகிறார். இரண்டாவது ‘குசிமுட்சிரா’, தூக்கி நிறுத்துதல். பொறுக்கிய பிரச்சினைக்கு என்ன செய்யலாம் என்று பல வழிகளை யோசித்து, நடக்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்து, என்று, எப்படி, யாரிடம் என்பதுவரை திட்டமிடுவது. மூன்றாவது ‘குசிம்பிசிசா’, இன்னும் வலுப்படுத்துதல். நோயின் பெயரில் இருந்த ‘இசிசா’ ஒட்டு மருந்தின் பெயரிலும் வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கலாம். அளவு கடந்த யோசனைக்கு மாற்று, அளவு கடந்த உறுதி.

ஷோனா ஆடை உடுத்தியிருக்கும் இந்த மூன்று படிகளின் எலும்புக்கூடு வேறிடத்திலிருந்து வந்தது. ‘பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை’ என்று அதற்குப் பெயர். தாமஸ் டிசுரில்லா, மார்வின் கோல்டுஃப்ரீட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1971இல் அதன் அடிப்படையை வகுத்தார்கள். 1990களில் பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களிடம் வரும் நோயாளிகளுக்கு அதைச் சுருக்கிப் பயன்படுத்திச் சோதித்தார்கள்.

அது ஏன் பதற்றத்துக்கு உதவ வேண்டும்? கவலைப்படுவது, தீர்வு தேடுவதைப் போலவே வேடம் போடும். வாடகை பாக்கி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கணவனின் மௌனம், எச்.ஐ.வி. சோதனை முடிவு எல்லாம் ஒரே நேரத்தில் மனத்தில் சுழலும்போது, தான் ஏதோ செய்துகொண்டிருப்பது போலத்தான் உள்ளுக்குள் இருக்கும். ஆனால் எந்த யோசனையும் முடிவில் போய் நிற்பதில்லை. ஒன்று முடியுமுன் மற்றொன்று குறுக்கே வந்துவிடும். பெஞ்சில் நடப்பது இந்தச் சுழற்சியை உடைக்கும் வேலை. உதாரணத்துக்கு, மேற்சொன்ன நான்கில் வாடகையை மட்டும் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் இரண்டு தவணை கேட்பதா, அக்காவிடம் கைமாற்று வாங்குவதா, ஓர் அறையை உள்வாடகைக்கு விடுவதா என்று வழிகளைப் பேசி, ‘வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரரிடம் பேசுவேன்’ என்று முடிவாகிறது. அடுத்த வாரம் பாட்டி கேட்பார், பேசினாயா என்று. பேசியிருந்தால் அடுத்த படி. பேசவில்லையென்றால் எது தடுத்தது என்பதே அடுத்த பிரச்சினை. வாடகை அப்படியே இருக்கலாம். ஆனால் ‘என்னால் எதுவும் ஆகாது’ என்ற எண்ணத்தில் ஒரு விரிசல் விழுந்திருக்கும்.

பயிற்சியில் நுட்பமான இடம் ஒன்று உண்டு. பாட்டி என்றால் புத்தி சொல்பவர். இந்த முறையிலோ பாட்டி தீர்வைச் சொல்லக்கூடாது. கேட்டுக் கேட்டு, வந்தவரின் வாயிலிருந்தே அதை வரவழைக்க வேண்டும். பண்பாடு தரும் பலம், பாட்டியின் முன் எவரும் தயங்காமல் அழலாம் என்பது. அதே பண்பாடு தரும் ஆபத்து, ‘பொறுத்துப் போம்மா’ என்று அதே பாட்டி அடிவாங்கும் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது. மரபிலிருந்து பாட்டியை எடுத்துக்கொண்டு, அறிவுரையைக் கழற்றி வைத்துவிட்டு, கேள்வியை அவர் கையில் கொடுத்ததுதான் இந்தத் திட்டத்தின் அசலான கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

சந்திப்புகளைத் தொடர்ந்து ‘குபட்டனா டோசே’ என்ற வட்டத்துக்கு அழைப்பு உண்டு. எல்லோரும் ஒருவரையொருவர் பற்றிக்கொள்ளுதல் என்று பொருள். ஒருவருக்கொருவர் என்பதைக் காட்டும் அந்த ‘அன’ இங்கும் இருக்கிறது. முன்பு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் கூடிப் பேசியபடியே பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு கைப்பைகள் பின்னுகிறார்கள். அதில் சிறு வருமானமும் கிடைக்கும். பணக் கவலையால் வந்த யோசனைக்குப் பேச்சு மட்டும் போதாது என்பது பாட்டிகளுக்கு ஆய்வாளர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சோதனைக்கு நின்ற பெஞ்சு

இவ்வளவும் மனத்துக்கு இதமான கதை. இதமான கதைகளால் மருத்துவக் கொள்கை எழுதக்கூடாது. துயரத்தோடு வருபவர்களில் பலர் சில மாதங்களில் தாமாகவே தேறிவிடுவார்கள். பெஞ்சு இல்லாவிட்டாலும் தேறியிருப்பார்கள். 2011இல் வெளியான முன்னோட்ட ஆய்வில் 320 பேரின் சராசரி மதிப்பெண் 11.3இலிருந்து 6.5ஆகக் குறைந்திருந்தது. ஒப்பிட வேறொரு குழு இல்லாததால், அந்தச் சரிவில் பெஞ்சின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது.

அதனால் அடுத்த கட்டம் முக்கியமானது. ஹராரேயின் 24 நகர மருத்துவ நிலையங்களை எடுத்துக்கொண்டு, எவற்றில் பெஞ்சு, எவற்றில் வழக்கமான கவனிப்பு என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலுக்கு விட்டார்கள். தனி மனிதர்களை அல்லாமல் நிலையங்களைப் பிரித்ததற்குக் காரணம் உண்டு: ஒரே நிலையத்தில் இருவகைக் கவனிப்பும் நடந்தால் ஒன்றின் வாசம் மற்றொன்றில் ஏறிவிடும். ஒப்பீட்டுக் குழுவையும் சும்மா விட்டுவிடவில்லை. செவிலியரின் சுருக்கமான ஆலோசனை, தேவைப்பட்டால் மருந்து என்று வழக்கத்தைவிடச் சற்று மேம்பட்ட கவனிப்பே தரப்பட்டது. 2014 செப்டம்பரில் தொடங்கிய சேர்க்கையில் 573 பேர் இடம்பெற்றார்கள். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்கள்.

2016 டிசம்பரில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. ஆறு மாதங்களுக்குப் பின் ஷோனா கேள்வித்தாளின் சராசரி மதிப்பெண் ஒப்பீட்டுக் குழுவில் 8.90, பெஞ்சுக் குழுவில் 3.81. மனச்சோர்வு அறிகுறிகள் தொடர்ந்தவர்கள் ஒரு பக்கம் 49.9 விழுக்காடு, மறுபக்கம் 13.7. பதற்றத்தில் வேறுபாடு இதே அளவில் இருந்தது: ஒப்பீட்டுக் குழுவில் ஏறக்குறைய 48 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் நீடித்தன, பெஞ்சுக் குழுவில் 12 விழுக்காட்டினருக்கு. பதற்றத்தை அளந்தது உலகெங்கும் புழங்கும் ஏழு கேள்விப் பட்டியல். உள்ளூர்க் கருவி காட்டிய மாற்றத்தை வெளியூர்க் கருவியும் காட்டியது. இந்த ஒத்துப்போதல்தான் எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது. நோயாளியின் மொழியிலும் மருத்துவத்தின் மொழியிலும் ஒரே சமயத்தில் ஒருவர் தேறியிருக்கிறார்.

கண்ணை மூடிக்கொண்டு கைதட்டவும் முடியாது. கலந்துகொண்டவர்களில் 86 விழுக்காட்டினர் பெண்கள். பாட்டியிடம் மனம் திறக்கும் வழி ஆண்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இந்த எண்கள் அதிகம் சொல்லா. அளவீடுகள் நோயாளிகள் தம்மைப் பற்றித் தாமே சொன்னவை. அன்போடு கவனித்த பாட்டியின் முகத்துக்காகச் சிலர் ‘இப்போ பரவாயில்லை’ என்றிருக்கலாம். பெஞ்சுக் குழுவுக்குக் கிடைத்த நேரமும் அதிகம்; ஆகவே விளைந்த பலனில் படிமுறைக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் உட்கார்ந்து கேட்டதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். தீவிரத் தற்கொலை நோக்கம் கொண்டவர்கள் இந்தச் சோதனையில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

எல்லாப் பதற்றமும் ஒன்றல்ல

பதற்றத்தில் பல வகை உண்டு. குஃபுங்கிசிசா, கவலை வகை. அதற்குப் பிரச்சினை தீர்க்கும் முறை பொருந்தும். திடீரென்று நெஞ்சடைத்து, ‘இதோ சாகப்போகிறேன்’ என்று தோன்றும் பீதித் தாக்குதலுக்கு வேறு வழி தேவை. அதற்கொரு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் நகரில் இருக்கிறது. போல் பாட் ஆட்சியின் கொலைக்களத்திலிருந்து தப்பி வந்த கம்போடிய அகதிகள் பெருந்தொகையாக வாழும் ஊர் அது. அவர்களுக்குச் சிகிச்சை தந்த டெவன் ஹின்டன் என்ற மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். படுக்கையிலிருந்து எழும்போது நம் எல்லோருக்கும் எப்போதாவது வரும் லேசான கிறுகிறுப்பு, அவர்களில் பலருக்கு மரண பயத்தைத் தந்தது. உடம்பில் ‘க்யால்’ என்ற காற்று ஓடுகிறது, அது இரத்தத்தோடு மேலேறினால் கழுத்து இரத்தக் குழாய்கள் வெடித்துவிடும் என்பது கம்போடியாவின் கெமர் மக்களின் உடலறிவு. கிறுகிறுப்பு வந்தால் காற்று ஏறுகிறது என்ற அச்சம். அச்சத்தால் மேலும் கிறுகிறுப்பு. சுழல் முழுமையாகிவிடுகிறது.

பீதிக்கான சிகிச்சையின் மையம் எங்கும் ஒன்றே. அஞ்சும் உடலுணர்வைச் சிறிது சிறிதாக வரவழைத்து, அதனால் கேடு வருவதில்லை என்று உடம்புக்கே பழக்குவது. ஹின்டன் அந்த மையத்தைத் தொடவில்லை. தலையைச் சுழற்றிக் கிறுகிறுப்பை வரவழைக்கும் பயிற்சியை, கம்போடிய மரபில் இனிமையோடு தொடர்புள்ள அசைவுகளோடும் நினைவுகளோடும் கோத்தார். காற்றில் தண்டு வளைந்தாடினாலும் ஒடியாத தாமரையை மனத்தில் காணச் சொன்னார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 40 பேரிடம் நடத்திய ஒப்பீட்டுச் சோதனை 2005இல் நல்ல பலனைக் காட்டியது. அச்சத்தின் பொருளைத் தருவது பண்பாடு. ஆகவே அந்தப் பொருளுக்குள் புகுந்துதான் அச்சத்தைத் தளர்த்த முடிந்தது.

லோவெலையும் ஹராரேயையும் அருகருகே வைத்தால் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு ஒரு விடை தெரிகிறது. பெயர், இடம், பேசுபவர், உவமை, கேள்வித்தாளின் சொற்கள் எல்லாவற்றையும் மாற்றலாம். சில வேளைகளில் மாற்றியே ஆகவேண்டும். சிகிச்சை எந்த இயக்கத்தால் வேலை செய்கிறதோ அதை மாற்றக்கூடாது. பெஞ்சைப் போட்டு, பாட்டியை உட்காரவைத்து, படிமுறையை விட்டுவிட்டால் கிடைப்பது ஆறுதல். படிமுறையை மட்டும் கொண்டுவந்து, மருத்துவமனைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்தால் கிடைப்பது காலி நாற்காலி.

சம்பளம் தரும் கை

பெஞ்சைப் பற்றிய எழுத்துகளில் பாட்டிகளின் கனிவு பெரிதாகவும் நகராட்சியின் பங்கு சிறிதாகவும் வருவது வழக்கம். இது நியாயமில்லை. அந்தப் பாட்டிகள் வானத்திலிருந்து குதித்த தொண்டர்களல்லர். நகர சுகாதாரத் துறை கால் நூற்றாண்டாக வைத்துக் காத்த பணியாளர்கள். நிலையம், பதிவேடு, செவிலியர், மேற்பார்வை, மருத்துவரிடம் அனுப்பும் வழி எல்லாம் ஏற்கெனவே பொதுச் சொத்தாக இருந்தன. அதனால்தான் சோதனைக்குப் பின் ஹராரே, சிட்டுங்விசா, க்வேரு ஆகிய நகரங்களின் 72 நிலையங்களுக்கு இதை விரிக்க முடிந்தது.

பொது அமைப்பின் பங்கைக் காட்டும் இன்னொரு சான்று நமக்கு அருகே கோவாவில் இருக்கிறது. ஹராரேயிலிருந்து திரும்பிய விக்ரம் படேல், 1996இல் தொடங்கப்பட்ட சங்கத் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர். அங்கே நடந்த ‘மானஸ்’ சோதனையின் முடிவு 2010இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. 12 அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள், 12 தனியார் மருத்துவர்கள், ஏறத்தாழ 2,800 நோயாளிகள். மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களைக் கவனித்தார்கள். தேவைக்கேற்ப உளச்சிகிச்சையும் மருந்தும் படிப்படியாகச் சேர்ந்தன. ஆலோசகர் இருந்த அரசு நிலையங்களில் ஆறு மாதங்களில் தேறியவர்கள் 65.9 விழுக்காடு, ஆலோசகர் இல்லாத அரசு நிலையங்களில் 42.5. தனியார் மருத்துவர்களிடம் போனவர்களிடையே இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. தெரிந்த குடும்ப மருத்துவரிடம் போகிறவருக்குப் பேச ஓர் ஆள் முன்பே இருந்தார் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். வரிசையில் நின்று மாத்திரை வாங்கிப் போகும் அரசு நிலையத்தில்தான், ‘உட்காருங்க, என்ன ஆச்சு’ என்று கேட்கும் ஒரு குரல் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

பெஞ்சு மற்ற நாடுகளுக்கும் போனது. மலாவியிலும் சான்சிபாரிலும் இது தகவமைக்கப்பட்டது. நியூயார்க் நகரில் பாட்டிகளின் இடத்தில், போதைப்பழக்கத்திலிருந்தும் மனத்துயரிலிருந்தும் தாமே மீண்டு வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஜிம்பாப்வேயிலேயே இளைஞர்களுக்கான பெஞ்சில் மாணவப் பருவத்தினர் பேசுகிறார்கள். அந்தந்த இடத்தில் எவரிடம் வெட்கமில்லாமல் பேச முடியுமோ அவரே அங்கே பாட்டி.

நம் கேள்வித்தாள்

இந்தியாவில் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை இல்லாமலே இருந்தார்கள். மறுபுறம், தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வீட்டு வாசலுக்கே போகிறார்கள். ஹராரேயின் சுகாதாரப் பாட்டிகளுக்கு அவர்கள் தூரத்துச் சொந்தம். திண்ணையில் உட்கார்ந்து பேசும் பழக்கமும் நமக்குப் புதிதில்லை.

அதற்காக ஹராரே பெஞ்சை அப்படியே இறக்குமதி செய்துவிடலாம் என்று நினைப்பது, அதன் பாடத்தைத் தவறவிடுவது. வீட்டுக்கு வீடு ஓடும் தன்னார்வலரின் தலையில் இன்னொரு சுமையை ஊதியமின்றி ஏற்றுவதும், மேற்பார்வையும் மேல்மருத்துவத்துக்கு வழியும் இல்லாமல் பெஞ்சை மட்டும் போடுவதும் அதைவிட மோசம். ஹராரேயில் பெஞ்சு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மக்கள் தம் துயரை எப்படிச் சொல்கிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதி, சலித்து, அளந்து பார்த்த வேலை நடந்துவிட்டது. ‘படபடன்னு வருது’, ‘மனசு கெடந்து அடிச்சுக்குது’, ‘யோசனையாவே இருக்கு’, ‘ஒரே டென்ஷன்’ என்று நம் புறநோயாளி வரிசையில் நிற்பவர்கள் சொல்கிறார்கள். இவற்றில் எது களைப்பு, எது கவலை, எது பீதி, எது வெறும் பேச்சுவழக்கு என்பதை அகராதி பார்த்துப் பிரிக்க முடியாது. ஷோனா கேள்வித்தாளின் முதல் கேள்வி குஃபுங்கிசிசாவில் தொடங்குகிறது. நம்முடையது எந்தச் சொல்லில் தொடங்கவேண்டும் என்பதை அந்த வரிசையில் நிற்பவர்களிடம்தான் கேட்டு எழுத வேண்டும்.